குச்சி சார் தேடிய ஒன்றரை முழம்

திண்டுக்கல் வட்டாரத்தில் குச்சி சார் கையில் வாங்கி வளைத்துப் பார்க்காத குச்சி என்று ஒன்று இருந்திருந்தால், அது மரத்திலேயே இருந்த குச்சியாகத்தான் இருக்க வேண்டும். அதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். மரத்தில் ஏறி அவர் வளைத்துப் பார்த்ததை நானே கண்டிருக்கிறேன். ஏறியவர் அவர், கீழே நின்று தோள் கொடுத்தவன் நான். மழை வருவதற்கு ஒரு நாள் முன்பே இன்றைக்கும் அந்தத் தோள் எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது.

குடைக்காம்பு, கொடிக்கம்பு, பள்ளிக்கூடத்துப் பிரம்பு, போலீஸ்காரர் லத்தி எதையும் அவர் விட்டவரில்லை. பிடுங்கவும் மாட்டார். "ஏனுங்க, அதைக் கொஞ்சம் குடுங்க, பாத்துப்போட்டுத் தந்தர்றேனுங்க" என்று பழனிப் பக்கத்து மரியாதையோடு இரண்டு கையையும் நீட்டுவார். அந்த மரியாதைக்கு லத்தியைக் கொடுக்காத போலீஸ்காரர் எங்கள் ஊரில் இல்லை. வாங்கி, வளைத்து, நுனியை ஆட்டி, உதட்டைப் பிதுக்கி, "ஆகாதுங்க" என்று திருப்பித் தருவார். லத்தி எதற்கு ஆகாது என்று அந்தப் போலீஸ்காரர் ஸ்டேஷன் வரைக்கும் யோசித்துக்கொண்டே போவார்.

எதற்கு என்று நான் சொல்கிறேன். தூண்டில் போடுவதற்கு. அதுவும் திமிங்கலத்துக்கு இல்லை, விரல் நீளக் கெண்டைக்கு. இதை எழுத ஆரம்பித்ததுமே எனக்குக் கொட்டாவி வருகிறது. மூன்று வருஷம் அந்த மனிதரோடு அலைந்த அலுப்பு, இத்தனை வயதுக்கு அப்புறமும் உடம்பை விட்டுப் போகவில்லை.

பெயரைக் கேட்டு ஒல்லியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசி மூட்டைக்கு வேட்டி கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருப்பார். சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரம். வாரம் முழுக்கத் திண்டுக்கல்லில் மெஸ் சாப்பாடு, சனிக்கிழமை சாயந்திரம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார். நாங்கள் வேலை பார்த்தது ஒரு சர்க்கார் ஆபீஸ். அவர் ஹெட் கிளார்க், நான் டெம்பரரி குமாஸ்தா. நயா பைசா வந்த புதிது. எங்கள் செக்‌ஷனுக்குக் கிணறு செக்‌ஷன் என்று பேர். எந்த ஊரில் எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், சித்திரையில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று அளந்து எழுதி மேலே அனுப்ப வேண்டும். மேலே அதை என்ன செய்தார்கள் என்று கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

ஊர் ஊராகக் கிணறு அளக்கிற மனிதருக்கு மீன் பைத்தியம் பிடித்தது ஒரு கடலைப் பொட்டலத்தால். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் வறுகடலை வாங்கியிருக்கிறார். கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் படித்துப் போட்ட பழைய பத்திரிகைகள் மலையிறங்கி வந்து கடலை மடிக்கப் பயன்பட்ட காலம் அது. பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு படம். எங்கும் வெள்ளைவெளேரென்று உறைந்து கிடக்கிற ஏரி. அதன்மேல் முக்காலி போட்டு, கம்பளி சுற்றிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரன். அவன் காலடியில் பனிக்கட்டியில் வெட்டிய ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள் தூண்டில் விட்டிருக்கிறான். கையில் இருந்த குச்சி ஒன்றரை முழம்தான். பக்கத்தில் குட்டிக் குட்டியாய் ஏழெட்டு மீன்.

அந்தப் படத்தை எட்டாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எடுத்துக் காட்டினார். வெளியே திண்டுக்கல் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.

"பாருங்க தம்பி. ஓட்டைக்கு நேரா மேல உக்காந்துட்டா, குச்சி எதுக்குங்க நீளமா? நம்மூர்ல பனிக்கட்டி இல்லீங்க. ஆனாக் கெணறு இருக்குதுங்களே! வட்டமா ஓட்டை, அடியில தண்ணி, அதுக்குள்ள மீனு. வெள்ளக்காரன் பனிய வெட்டிக் கஷ்டப்படறான். நமக்கு வெட்டியே வச்சிருக்காங்க."

"சரி சார், ஒரு குச்சிய ஒடிச்சு நூலக் கட்ட வேண்டியதுதான?"

ஏண்டா கேட்டோம் என்று மூன்று வருஷம் வருந்தினேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்மாயில் போடுகிற நெடுங்கழி கிணற்றுக்கு ஆகாதாம். படிக்கல்லில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் இடிக்குமாம். அதோடு, பெரிய மீன் கடித்தால் ஊருக்கே தெரியும். சட்டிக்குள் அடங்குகிற மீன் அப்படி இல்லை.

"அது வந்ததும் கடிக்காதுங்க. மோந்து பாக்கும். அந்த மோந்து பாக்கறது நூல்ல ஏறி, குச்சில ஏறி, என்ற கைக்கு வந்து சேரோணும். அப்பேர்ப்பட்ட குச்சி இன்னும் அம்படலீங்க."

சோதனைகள் வைத்திருந்தார். முதலில் குச்சி நுனியில் நூல் கட்டி ஒரு புளியங்கொட்டையைத் தொங்கவிடுவார். "கும்புடற மாதிரி நுனி குனியோணும். கால்ல விழுகக் கூடாதுங்க." இதில் தேறினால் அடுத்தது பல் சோதனை. குச்சியின் அடிப்பக்கத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி ஒருவன் நிற்க வேண்டும். மீன் மோந்து பார்க்கிற தினுசில் விரலால் மெல்லச் சுண்ட வேண்டும். அது பல்லுக்குத் தெரிந்தால் அவர் தலையை ஆட்டுவார். மீன் வேலை எனக்கு. அந்த ஆபீசில் எனக்கு நிரந்தரமாகக் கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான். நடு ரோட்டில், பஸ் ஸ்டாண்டில், சந்தையில், எங்கே ஒரு குச்சி அகப்பட்டாலும் நான் பத்தடி தள்ளிப் போய் மீனாக நிற்பேன். "தம்பி, நூலச் சுண்டுங்க" என்ற குரல் எனக்குக் கனவிலும் கேட்கும்.

கேம்ப் போவதற்கு ஒரே சைக்கிள். மிதிப்பது நான், பின்னால் கேரியரில் அவர், அவர் மடியில் ஒரு கட்டுக் குச்சி. எதிர்க்காற்றில் வேடசந்தூர் வரைக்கும் அந்தப் பாரத்தை மிதித்துப் பாருங்கள், முன்ஜென்மம் உண்டா என்கிற சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடும். மில் பஸ்ஸில் போகிற தொழிலாளிகள் எட்டிப் பார்த்து, "ஏலே, வெறகுக்கடைய ஆளோட சேத்துக் கொண்டுபோறான் பாருலே" என்று கத்துவார்கள். சிறுமலை அடிவாரத்துக்கு மூங்கில் பார்க்க ஏழு தடவை போனோம். எட்டாவது தடவை சைக்கிளே முடியாது என்று சொல்லிவிட்டது, அச்சு முறிந்தது.

கிணற்றை அளந்து முடித்ததும், கையில் இருக்கிற சுமாரான குச்சியை வைத்துச் செத்த நேரம் தூண்டில் போடுவார். மண்புழுவைத் தொட மாட்டார், கேப்பைக்களி உருண்டைதான். பிடித்த மீனையும் உடனே தண்ணீரில் விட்டுவிடுவார்.

"ஏன் சார், வீட்டுக்குக் கொண்டு போகலாம்ல?"

"பஸ்ல நாறுமுங்க தம்பி."

நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

ஒரு சித்திரை மாதம் வேடசந்தூர் ரோட்டில் எதிரே ஒரு சவ ஊர்வலம் வந்தது. எண்பது வயசுக் கிழவர், கல்யாணச் சாவு, தப்பு பிரமாதமாக முழங்கிக்கொண்டிருந்தது. தப்படிக்கிறவர் இடது கையில் சிம்பு என்று மெல்லிசாய் நீளமாய் ஒரு குச்சி பிடித்திருப்பார். அது துள்ளுகிற துள்ளலைப் பார்த்ததும் கேரியர் லேசானது. திரும்பிப் பார்ப்பதற்குள் குச்சி சார் ரோட்டின் நடுவில் இருந்தார்.

"ஏனுங்க பெரியவரே, அந்தச் சிம்பக் கொஞ்சம் குடுங்க, பாத்துப்போட்டுத் தந்தர்றேன்."

தப்பு நின்றது. தப்பு நின்றதும் சங்கு நின்றது. சங்கு நின்றதும் ஆட்டம் நின்றது. பாடை தூக்கி வந்தவர்கள், ஏன் நின்றோம் என்று தெரியாமல் நின்றார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு ஆள் அனுப்பி விவரம் கேட்கப்பட்டது. "சர்க்கார் ஆளுக மறிச்சிருக்காக" என்று செய்தி போனது. எந்தச் சர்க்கார் ஆள் என்று இன்னொருவர் என்னிடம் வந்து கேட்க, நான் புத்தியில்லாமல் கிணறு செக்‌ஷன் என்றேன். அவ்வளவுதான். "பெரியவர் கெணத்துல விழுந்துதான் செத்தாரான்னு விசாரிக்க வந்திருக்காக" என்று கடைசி வரிசையில் ஒப்பாரி புதிதாகக் கிளம்பியது. செத்தவரின் மகன் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சாமி, எங்கப்பன் கட்டில்ல படுத்தமேனிக்குப் போனாரு சாமி! ஊரே சாட்சி!"

குச்சி சார் அதற்குள் அடிப்பக்கத்தைக் கவ்விக் கண்ணை மூடிவிட்டார். நான் பத்தடி தள்ளி, பாடைக்குப் பக்கத்தில் நின்று நூலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்து, "முனை கொஞ்சம் தடிப்புங்க" என்று சிம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகுதான் சுற்றிலும் நின்ற கூட்டம் அவர் கண்ணில் பட்டது. மனிதர் வெலவெலத்துப் போனார். மகன் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். "நிறுத்தினது நானுங்க, நானே கூட வந்து வழியனுப்பீர்றேன்" என்று சுடுகாடு வரைக்கும் நடந்தார், நானும் நடந்தேன். இருவரும் வாய்க்காலில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு திண்டுக்கல் வந்து சேர்ந்தோம். யார் செத்தது என்று மெஸ்ஸில் கேட்டார்கள். தெரியாது என்றேன்.

இதையாவது மன்னிக்கலாம். மதுரையிலிருந்து பெரிய ஆபீசர் ஒருவர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். என்னைப் பெர்மனென்ட் ஆக்குகிற காகிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஆபீசர் கையில் பிரம்புக் கைத்தடி. நான் மேஜைக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். குச்சி சார் என் கண்ணைப் பார்க்கவே இல்லை, கைத்தடியைத்தான் பார்த்தார். ஆபீசர் ரிஜிஸ்தரிலிருந்து நிமிர்ந்தபோது, அவருடைய கைத்தடி ஹெட் கிளார்க் வாயில் இருந்தது. நூலின் மறுமுனையில் நான் இருந்தேன்.

"யார் இந்தப் பையன்?"

"நம்ம தம்பிதானுங்க. மீனாட்டம் அருமையா இழுப்பாருங்க."

அந்தக் காகிதம் கையெழுத்தில்லாமல் மதுரைக்கே திரும்பிப் போனது. டெம்பரரி டெம்பரரியாகவே நின்றான்.

டெம்பரரிக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எனக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம், ஊரைவிட்டு நகர முடியாது. தாய்மாமன்தான் பெண் பார்க்கக் கூட வருவார். நாலு வீடு போனோம். நாலு வீட்டிலும் காபி குடித்தோம். நாலு வீட்டிலும் வாசல் வரை வந்து, "கலந்து பேசி லெட்டர் போடுறோம்" என்றார்கள். லெட்டர் போடுகிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வீட்டு லெட்டருக்காக மூன்று மாதம் தபால்காரர் பின்னாலேயே நடந்தேன். நாலாவது வீட்டுக்கு அப்புறம் ராத்திரியில் தூக்கம் போயிற்று. வயது முப்பதைத் தொட்டுவிட்டது. இன்னொரு தடவை அந்த வார்த்தையைக் கேட்டால் இனிமேல் பெண்ணே பார்ப்பதில்லை என்று அம்மாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவது வீடு வத்தலக்குண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமம். கிளம்புவதற்கு முந்தின நாள் மாமா வந்து கையை விரித்தார். "ஒனக்குப் பொண்ணு பாத்தே என் செருப்பு தேஞ்சுபோச்சு மாப்ள. இந்தத் தடவ நீயே போயிட்டு வா."

தனியாகப் போய் எந்த மாப்பிள்ளை பெண் பார்ப்பான்? குச்சி சார் பக்கத்து மேஜையிலிருந்து இதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். "நான் வர்றேனுங்க தம்பி. பெரியவங்கன்னு ஒருத்தர் வேணுமில்லீங்களா?" என்றார். எனக்காக அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போகவில்லை. பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன்.

"சார், அங்க எந்தக் குச்சியையும் தொடக்கூடாது."

"சேச்சே, என்னங்க தம்பி! பொண்ணு பாக்கற எடத்துலீங்களா?"

போனோம். கார்த்திகை மாதம், மழை பெய்து ஊர் பச்சையாகக் கிடந்தது. பெண்ணின் அப்பா கத்தரியும் மல்லிகையும் போட்டிருந்த விவசாயி, சாதுவான மனிதர். அம்மா அவரைவிடச் சாது. ஆனால் வீட்டில் பேச்சு பெண்ணின் தாய்மாமனுடையது. மீசைக்காரர், நாற்காலியில் அவர் உட்கார்ந்த தோரணையிலேயே என் காபி ஆறிப்போனது.

குச்சி சார் கால் மணி நேரம் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதற்கு மேல் முடியவில்லை. மூலையில் ஒரு தார்க்குச்சி சாத்தியிருந்தது. கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைக்கிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டுவார் இல்லையா, அதற்குக் கையில் வைத்துக்கொள்கிற குச்சி. வடத்தில் உட்காருகிறவருக்கு நீளக் கம்பு தோதுப்படாது. கல்மூங்கில், பல வருஷம் கைபட்டுப் பளபளவென்று, சரியாக ஒன்றரை முழம். கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க," என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

புளியங்கொட்டை பையிலேயே இருந்தது. தொங்கவிட்டார். நுனி குனிந்தது. கும்பிட்டது. காலில் விழவில்லை. குச்சி சார் கண் கலங்கிவிட்டது. அடிப்பக்கத்தைக் கவ்விக்கொண்டு, பல்லிடுக்கு வழியாகவே சொன்னார்.

"தம்பி, நூலச் சுண்டுங்க."

மாப்பிள்ளை எழுந்து போய்ப் பத்தடி தள்ளி நின்று மீனாகச் சுண்டிக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் பெண் காபித் தட்டோடு வந்தாள். வாயில் குச்சியோடு ஒருவர், நூலோடு ஒருவர். பார்த்தாள். சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். தட்டு ஆடியது, டம்ளர் ஆடியது, கடைசியில் முடியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள். நாலு வீட்டில் நாலு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து போனார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தவள் இவள் ஒருத்திதான். கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு அந்த நிமிஷமே பட்டுவிட்டது. பட்டதும் பயமும் வந்துவிட்டது.

பெண்ணின் அப்பாவுக்கும் சிரிப்பு. "ஐயா மீன் புடிப்பீகளோ? நம்ம கெணத்துல அம்புட்டுக் கெண்டை கெடக்கே, வாங்க வாங்க!" என்று அவரையும் தார்க்குச்சியையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். பெரியவர் என்று நான் கூட்டிவந்த ஒரே ஆள் போயே போய்விட்டார். மீசைக்காரரும் நானும் மிச்சம்.

"டெம்பரரின்னா? நாளைக்கே வீட்டுக்குப் போன்னு சொன்னா போயிற வேண்டியதுதானா?"

"ஆமாங்க."

"எப்பப் பெர்மனென்ட் ஆகும்?"

"மதுரைல காகிதம் இருக்குங்க."

"அது மதுரைல இருக்கட்டும்" என்றார். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று.

கிணற்றடிக்குப் போன இருவரும் சேக்காளிகள் மாதிரி தோளில் கை போடாத குறையாகத் திரும்பி வந்தார்கள். பெண்ணின் அப்பா துண்டை விரித்துக் காட்டினார், துண்டு கொள்ளாமல் கெண்டை. "என் தார்க்குச்சில புடிச்சது! இந்தாத்தா, கொழம்பு வையி" என்று உள்ளே கொடுத்தார். குழம்பு கொதித்து வாசனை கூடத்துக்கு வந்த நேரத்தில், மீசைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"சரிங்க. நாங்க கலந்து பேசி லெட்டர் போடுறோம்."

கதவுக்குப் பின்னால் வளையல் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் கை சட்டென்று உள்ளே போய்விட்டது. செருப்பைத் தேடினேன்.

பெண்ணின் அம்மா, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "வந்தது வந்தீக, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்ல?"

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். இலை போட்டுச் சோறு சாப்பிடக் கூடாது. அதற்குக் கை நனைப்பது என்று பேர். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அப்புறம் இவர்களும் பின்வாங்க முடியாது, சோறு போட்ட அவர்களும் பின்வாங்க முடியாது. அதனால் அவர்கள் மரியாதைக்குச் "சாப்பிடுங்க" என்பார்கள், நாம் மரியாதைக்கு "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு" என்போம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சாப்பிடலாமுங்க. எலை போடுங்க" என்றார் குச்சி சார்.

மீசைக்காரர்தான் முதலில் சுதாரித்தார். "சார், தெரிஞ்சுதான் சொல்றீகளா? கை நனைச்சா..."

"பசிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெண்ணின் அப்பா ஓடிப்போய் அவரே வாழை இலை அறுத்து வந்தார். சோறு விழுந்தது. மீன் குழம்பு விழுந்தது. குச்சி சார் இலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிசைந்து வாயில் வைத்தார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"காரமாங்கய்யா?"

"காரமுங்க. நல்லா இருக்குதுங்க. தம்பி, நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தேன். தின்றேன். என்ன தின்றேன் என்று தெரியாது. எதிரே மீசைக்காரர் மீசையை மேலே தடவி, கீழே தடவி, கடைசியில் சொன்னார்: "அப்பத் தையில தேதி பாக்க வேண்டியதுதான்." உள்ளே யாரோ சிரிப்பது கேட்டது. யார் என்று எனக்குத் தெரியும்.

இவ்வளவு பெரிய காரியத்தை ஒருவர் வயிற்றுப் பசிக்காகச் செய்துவிட்டாரே என்று பஸ்ஸில் அவரைத் திட்டினேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, அதை மறைக்கத்தான் திட்டினேன். அவர் செம்பட்டியில் பஸ் நின்றதும் இறங்கி ஓடி, ஒரு புளியமரத்தடியில் வாந்தி எடுத்தார். "காரம் சேரலீங்க தம்பி" என்றார். அப்புறம் மூன்று நாள் ஆபீசுக்கு லீவு. நாலாவது நாள் வந்தபோது மொட்டைத் தலை, அதில் சந்தனம்.

"என்ன சார் இது?"

"சூடுங்க. வெயில் ஜாஸ்தி."

ஊரே போர்த்திக்கொண்டு திரிந்த கார்த்திகை மாதம் அது. நாங்கள் ஒரு வாரம் அந்த மொட்டையை வைத்துச் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

தையில் கல்யாணம். என் மாமனார் அந்தத் தார்க்குச்சியைக் குச்சி சாருக்கே கொடுத்துவிட்டார். பந்தலில் அதைத் துண்டில் ஏந்தி வாங்கிக்கொண்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து, பெண்ணுக்குச் சித்தப்பாவோ என்று விசாரித்தவர்கள் உண்டு. அன்றிலிருந்து அவர் வேறு குச்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மதுரைக் காகிதம் அடுத்த வருஷம் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. குச்சி சார் ரிட்டயர் ஆகிப் பாலசமுத்திரம் போனார்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் எனக்குக் கைவசம் ஒரு வசனம் உண்டு. "அந்த ஆளு பசி பொறுக்காம மீனத் தின்னாரு, அது என் தலைல வந்து விடிஞ்சது." அவளுக்கும் ஒன்று உண்டு. "அந்த மீன நாந்தான் கழுவுனேன். தெரிஞ்சிருந்தா இம்புட்டு உப்ப அள்ளிப் போட்டிருப்பேன்." இப்படியே சில வருஷம் ஓடியது.

அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுப் பாலசமுத்திரம் புறப்பட்டோம். வெறுங்கையோடு போகலாமா? அதே கிணற்றுக் கெண்டையை மாமியார் வறுத்து அடுக்குத் தூக்கில் கொடுத்து அனுப்பினார். வாசலில் அவர் மனைவியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். நெற்றி நிறையத் திருநீறு.

"அதுல என்னங்க?"

"மீன் வறுவலுங்கம்மா. சாருக்குப் பிடிக்குமேன்னு."

அந்த அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார். "மீனுங்களா? அய்யய்யோ, இந்த வீட்டுக்கு முட்டைகூட வந்ததில்லீங்களே! இவிய பொறந்ததுல இருந்து கவுச்சி தொட்டதில்லீங்க. ஒரே ஒருக்கா, யாரோ ஆபீசுத் தம்பி கல்யாணம் நடக்கோணும்னு எங்கியோ போயித் தின்னுபோட்டு வந்து, மூணு நாளு சோறு எறங்காமக் கெடந்தாங்க. அப்பறம் மலைக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்துதான் தண்ணியே குடிச்சாங்க."

நான் தூக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரிதான் அதை என் கையிலிருந்து வாங்கி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

உள்ளே கட்டிலில் குச்சி சார். அரிசி மூட்டை பாதியாய் இறங்கியிருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார்.

"ஏன் சார் தின்னீங்க?" என்றேன்.

"அந்தத் தார்க்குச்சி நுனில ஆணி இல்லீங்க தம்பி" என்றார். "மாட்டக் குத்தறதுக்கு ஆணி இருக்கோணுமில்லீங்களா? அது விழுந்து பத்து வருசமாச்சு, குத்த மனசு வரல, வேற அடிக்கலைன்னு கெணத்தடில இந்தப் புள்ளையோட அப்பாரு சொன்னாருங்க. இந்த வீட்ட விட்டா வேற எந்த வீட்டுலீங்க பொண்ணெடுக்கறது? திரும்பி வந்தா மீசைக்காரரு லெட்டர்னுட்டாரு. உங்க மொகத்தப் பாத்தனுங்க. குச்சி எந்த எடத்துல ஒடியும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

என் வீட்டுக்காரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை, மொட்டைத் தலையைப் பார்த்து நான் சிரித்த சிரிப்புத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அவருக்கு இந்த மாதிரிப் பேச்செல்லாம் கூச்சம். தலைமாட்டில் கையை விட்டு அந்த ஒன்றரை முழத்தை எடுத்தார். நூல் இன்னும் கட்டியே இருந்தது. அடிப்பக்கத்தைக் கவ்விக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நூலச் சுண்டுங்க."

பத்தடி தள்ளிப் போனேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கெண்டை மோந்து பார்க்கிற தினுசில் மெல்லச் சுண்டினேன். கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். மறுபடியும் சுண்டினேன். மறுபடியும் ஆட்டினார். அன்றைக்கு எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. எனக்கு அலுக்கவே இல்லை.